அடிக்காத போன்

கடலூர் முதுநகரில் 'லினக்ஸ் யாசர்' என்று கேட்டால்தான் ஆட்டோக்காரருக்கே வீடு தெரியும். வெறும் யாசர் என்றால் எந்த யாசர் என்பார்கள். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓட ஆரம்பித்தால் அவனுக்குப் பசி தூக்கம் தெரியாது. வாய்க்கொழுப்பும் கொஞ்சம் ஜாஸ்தி. கடையில் கம்ப்யூட்டர் நின்றுபோய்விட்டது என்று யாராவது வந்தால், அவன் கையை வைப்பதற்கு முன் ஒரு பிரசங்கத்தைக் கேட்டே தீர வேண்டும்.

"கையால செய்யிற வேல எதுவா இருந்தாலும் ஒரு நாளு மறந்துபூடும். மறக்கக் கூடாத வேலய மிஷின் பொறுப்புல வுட்டுடணும்."

இதையே சிதம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரி மேடையிலும் மைக் பிடித்துச் சொல்லி, பொன்னாடை வாங்கிக்கொண்டு வந்தவன் அவன். அப்படிப்பட்டவன் அந்தச் சனிக்கிழமை காலை தமீம் அன்சாரியின் காரில், மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

தமீம் அன்சாரி அவன் மனைவி ஷாசியாவின் தாய்மாமன். அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளியும் அவர்தான். முதுநகரில் இறால் ஏற்றுமதி ஆபீஸ், பரங்கிப்பேட்டைப் பக்கம் வெள்ளாற்றை ஒட்டி இறால் குட்டைகள். இறால் வளர்ப்பில் ராத்திரிதான் கண்டம். பகலில் வெயில் இருக்கிறவரை தண்ணீரில் காற்று இருக்கும். பொழுது சாய்ந்தால் குறைந்துகொண்டே போகும். அதனால் தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்க ஏரேட்டர் சக்கரங்கள் விடிய விடியச் சுற்ற வேண்டும். சக்கரம் நின்றதை யாரும் கவனிக்காமல் விட்டால் விடிவதற்குள் அந்தக் குட்டை காலி.

அதைக் கவனிக்கத்தான் யாசர் ஓர் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தான். ஒவ்வொரு குட்டையிலும் காற்றை அளக்க ஒரு கருவி. அது சொல்லும் அளவு முதுநகர் ஆபீசில் இருக்கும் சர்வருக்கு வந்துகொண்டே இருக்கும். அளவு குறைந்தால் சர்வர் தானாகப் போன் போடும். முதல் போன் குட்டையிலேயே குடியிருக்கும் காவல்காரர் கொளஞ்சிக்கு. கொளஞ்சி எடுத்து ஒன்றாம் நம்பரை அமுக்கினால், ஆள் பார்த்துக்கொள்வார் என்று சர்வர் அடங்கிவிடும். அவர் எடுக்காவிட்டால் யாசருக்கும் தமீம் அன்சாரிக்கும் போகும். அவர்கள் இருவர் போனிலும் அது சைலண்டில் கிடந்தாலும் ஆம்புலன்ஸ் மாதிரி அலறும். அப்படி அலற வைத்ததில் யாசருக்குத் தனிப் பெருமை.

அதற்கு முன்பெல்லாம் கொளஞ்சி ராத்திரி பூரா டார்ச்சோடு கரையில் நடந்துகொண்டே இருப்பார். ஏற்பாடு முடிந்த அன்று யாசர்தான் அவர் தோளில் கை போட்டுச் சொன்னான்: "அண்ணே, இனிமே நீங்க நிம்மதியா படுங்க. ஒண்ணுன்னா இது கூப்புடும்." முதலாளியும் அதற்குத் தலையாட்டினார்.

இன்று காலை கொளஞ்சியின் மனைவி பொன்னி யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டு அழுதாள். மூன்றாவது குட்டையில் ஸ்டார்ட்டர் எரிந்து சக்கரமெல்லாம் நின்றுவிட்டதாம். இறால் மொத்தமும் மிதக்கிறதாம்.

"அவனுக்குப் போன் போச்சா இல்லியா? அத மட்டும் பாத்துச் சொல்லு" என்றார் தமீம் அன்சாரி. குடிகாடு தாண்டிக் கார் தெற்கே போய்க்கொண்டிருந்தது. அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

யாசர் எப்போதும் பார்க்கிற வரிசையில்தான் பார்த்தான். சர்வர் உயிரோடு இருக்கிறதா? இருக்கிறது. டிஸ்க் நிரம்பிவிட்டதா? இல்லை. குட்டையிலிருந்து அளவு வருகிறதா? வருகிறது. அப்படியானால் போன் போடுகிற சர்வீஸ்? அதன் நிலையைக் கேட்டு என்டரைத் தட்டினான். பதில் உடனே வந்தது. சர்வீஸ் கெட்டுப்போகவில்லை. நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து.

நிறுத்தியது யார் என்று திரையில் தேட வேண்டிய அவசியமே இல்லை.

விஷயம் இதுதான். சில மாதம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்கு முன் ஹஜ்ரத் மேடையேறிப் பயான் பண்ணிக்கொண்டிருக்கும்போது குட்டையில் ஏதோ சின்னக் கோளாறு. கொளஞ்சி போனைக் கொட்டகையில் வைத்துவிட்டுத் தீவனம் போடப் போயிருந்தார், எடுக்கவில்லை. முன் வரிசையில் தமீம் அன்சாரியின் சட்டைப்பையும் நடு வரிசையில் யாசரின் சட்டைப்பையும் ஒரே நேரத்தில் அலறின. ஹஜ்ரத் பேச்சை நிறுத்திவிட்டார். பள்ளிவாசலே திரும்பிப் பார்த்தது. வெளியே வந்ததும் தமீம் அன்சாரி சொன்னது ஒரே பேச்சு: "இனி வெள்ளிக்கிழமை அந்தச் சத்தம் கேக்கக் கூடாது."

அவர்கள் இருவர் நம்பரை மட்டும் தொழுகை நேரத்துக்கு விட்டுவிடச் சொல்லி சர்வரில் நாலு வரி எழுதியிருந்தால் போதும். யாசருக்கு அது டீ குடிக்கிற நேரத்து வேலை. ஆனால் அன்றைக்குச் சோம்பல். அதைவிடச் சுலபமாக, தொழுகைக்குக் கிளம்பும்போது மொத்தச் சர்வீஸையும் ஒரே கமாண்டில் நிறுத்தினான், திரும்பி வந்ததும் கிளப்பினான். அடுத்த வாரமும் அப்படியே. அதுவே பழக்கமாகிவிட்டது. பள்ளிவாசல் படியிறங்கிச் செருப்பு போடும்போதே போனை எடுத்து சர்வீஸைக் கிளப்பிவிடுவான். ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்த வாய்க்கு இது மட்டும் கையால் செய்கிற வேலையாகத் தோன்றவில்லை.

நேற்று படியிறங்கும்போதே தமீம் அன்சாரி அவன் கையைப் பிடித்து இழுத்தார். தன் கூட்டாளி அஸ்மத் வீட்டுக் கல்யாணம், பிரியாணி ஆறிவிடும் என்றார். யாசர் போனான், தின்றான், வீட்டுக்கு வந்து படுத்தான். சாயங்காலம் ஷாசியாவோடு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்ச் சுண்டல் வாங்கிக் கொடுத்தான். சர்வீஸ் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே நினைவில் இல்லை.

"என்னப்பா, போச்சா?"

"நெட்டு சரியா வர்ல மாமா" என்றான் யாசர். பொய்யென்று சொன்னால் அதுதான் முதல் பொய். சொன்ன வேகத்திலேயே விரல் தன்பாட்டுக்குக் கமாண்டை அடித்துச் சர்வீஸைக் கிளப்பிவிட்டது. கெட்ட நோக்கம் ஒன்றுமில்லை. நின்ற சர்வீஸைக் கண்டால் கிளப்பிவிடுவது அவன் கைக்கு ஊறிப்போன குணம்.

கொஞ்ச நேரத்தில் காருக்குள் இரண்டு போனும் சேர்ந்து அலறின. தமீம் அன்சாரி திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தார்.

"மூணாங்குட்டைல காத்து கொறச்சலா இருக்குன்னு சொல்லுது மாமா" என்றான் யாசர். "கொளஞ்சியண்ணன் போனு ஆஃப்ல இருக்கு. அதான் நமக்கு வருது."

தமீம் அன்சாரி போனை அணைத்தார். காரை மறுபடி கிளப்பினார். அப்புறம் நிதானமாகக் கணக்குப் போட்டார்: "அப்ப ஒன் மிஷின் நல்லாத்தான் வேல செய்யுது. அவன் எடுக்காட்டி நமக்கு அடிக்கும். ராத்திரி நமக்கு அடிக்கல. அப்படின்னா அவன் எடுத்திருக்கான். எடுத்து ஒண்ண அமுக்கிட்டு மறுபடியும் படுத்துட்டான். சரிதான?"

கணக்கு அத்தனை சரியாக இருந்தது. யாசர் கட்டிய ஏற்பாட்டை அவனைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டுதான் பேசினார். அந்த இடத்தில் யாசர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான். தமீம் அன்சாரி முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான். மானம் என்று நாம் சொல்வது பல நேரம் இவ்வளவுதான்.

பு.முட்லூரில் கார் பரங்கிப்பேட்டை ரோட்டில் கிழக்கே திரும்பியது.

குட்டைக்கு வெகுதூரம் முன்பே காக்கைக் கூட்டம் தெரிந்தது. மூன்றாவது குட்டையின் ஓரமெல்லாம் செத்த இறால் வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தது. மற்றக் குட்டைகளில் சக்கரங்கள் சடசடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் ஒன்று மட்டும் நின்றது படுத்திருந்தவருக்கு எப்படிக் கேட்கும்?

கொளஞ்சி இடுப்புவரை சேறாக நின்றார். விழித்துப் பார்த்தபோது விஷயம் புரிந்து அப்படியே தண்ணீரில் குதித்திருக்கிறார். நின்ற சக்கரத்தைக் கையால் பிடித்துச் சுற்றியிருக்கிறார். சட்டைப்பையில் இருந்த போன் தண்ணீர் குடித்துச் செத்துவிட்டது. கையெல்லாம் சிராய்ப்பு.

தமீம் அன்சாரி கத்துகிற ஆள் இல்லை. அதுதான் அவரிடம் எல்லோருக்கும் பயம்.

"ஏன் கொளஞ்சி, போன எடுத்துட்டு மறுபடியும் தூங்கிட்ட?"

"எடுக்கலீங்களே பாய். அடிச்ச மாரியே தெரிலீங்களே."

"எனக்கு அடிக்கல. இவனுக்கு அடிக்கல. அப்படின்னா நீ எடுத்திருக்க. மிஷின் அப்படித்தான் சொல்லுது."

கொளஞ்சி யாசரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயைப் பார்த்து நிற்பார்களே, அப்படி ஒரு பார்வை.

"தம்பி, நெசமாவா? நான் எடுத்தனா?"

யாசர் குட்டையைப் பார்த்தான்.

பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டார் கொளஞ்சி. "ஒங்க மிஷினு பொய் சொல்லாது தம்பி. நான்தான் தூக்கக் கலக்கத்துல அமுக்கிட்டம் போலருக்குது" என்று முனகினார்.

"தூக்கக் கலக்கமா, வேற கலக்கமா?" என்றார் தமீம் அன்சாரி.

அதைக் கேட்டதும் கொட்டகை வாசலில் நின்ற பொன்னி விறுவிறுவென்று வந்தாள். கொளஞ்சி ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணிக் குடியை விட்டவர். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் அவள் அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்து இந்தக் கரையில் குடித்தனம் நடத்துகிறாள். வேலை போனால் இந்தக் கொட்டகையும் போகும். அவள் புருஷன் எதிரில் வந்து நின்றாள்.

"ஊது."

"இன்னாடி பொன்னி..."

"ஊதுய்யா!"

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டார்ட்டர் பார்க்க வந்த மெக்கானிக் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னாலும் கொளஞ்சி குனிந்து, பெண்டாட்டி முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினார். அவள் மோந்து பார்த்தாள். திரும்ப ஒரு தடவை ஊதச் சொன்னாள். மறுபடியும் ஊதினார்.

யாசருக்குத் தன் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"மாமா" என்றான். "அவருக்குப் போனே போவல. நான்தான் நிறுத்தி வச்சிருந்தேன்."

தமீம் அன்சாரி திரும்பினார். அவன் தோளில் கை போட்டு, கார்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"நல்ல புள்ளப்பா நீ. எனக்குந்தான் அவனப் பாத்தாப் பாவமா இருக்குது. அதுக்காக ஒன் பேரக் கெடுத்துக்காத. கார்ல நம்ம ரெண்டு பேரு காதாலயும் கேட்டமே, நல்லாத்தான அடிச்சிது?"

பின்னாலேயே வந்த கொளஞ்சி கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, எனக்கோசரம் நீங்க பழி ஏத்துக்க வாணாம். ஒங்க நல்ல மனசு போதும்."

யாசர் உண்மையைச் சொல்லிவிட்டான். யாரும் நம்பவில்லை. உண்மையைச் சொன்ன புண்ணியமும் ஆச்சு, நல்லவன் என்ற பெயரும் கிடைத்தது, தலைக்கும் ஆபத்தில்லை. இதோடு விட்டுவிட்டால் யாரும் அவனைக் கேட்கப்போவதில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் அவன் மனம் அந்தப் பக்கம் சாயத்தான் செய்தது. அப்படிச் சாய்ந்ததை நினைத்தால்தான் பின்னாளில் அவனுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக வெட்கம்.

"மாமா, கார்ல அடிச்சது நான் அப்பத்தான் திரும்பக் கெளப்புனதால. ஒங்களுக்குத் தெரியாம கெளப்புனேன்" என்றான். "ஒவ்வொரு ஜும்மாவுக்கும் மொத்தமா நிறுத்திட்டு வருவேன். படி எறங்குறப்பப் போன நோண்டிக்கிட்டு நிப்பேன்ல, எதுக்குன்னு நெனச்சீங்க? அப்பத்தான் திரும்பக் கெளப்புவேன். நேத்து நிக்கல. நேரா அஸ்மத் வீட்டுக்குப் போயிட்டோம்."

தமீம் அன்சாரியின் கை அவன் தோளிலிருந்து மெல்ல இறங்கியது. கையைப் பிடித்து இழுத்தது யார் என்பது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். முகம் சுண்டிப்போயிற்று.

"கார்லயே ஏன் சொல்லல?"

"பயம் மாமா. அசிங்கமாவும் இருந்துச்சு."

"அங்க நின்னு ஊதுறானே அவன், அது அசிங்கமா இல்லியா ஒனக்கு?"

தமீம் அன்சாரி திரும்பி நடந்து கொளஞ்சியிடம் போனார். அவர் தோளைத் தொட வந்த கை தொடாமலே நின்றது.

"கொளஞ்சி, ஒன்மேல தப்பு இல்லப்பா. வேலையப் பாரு" என்று மட்டும் சொன்னார். குட்டையைத் திரும்பிப் பாராமல் காரில் ஏறிவிட்டார். யாசரை ஏறச் சொல்லவில்லை.

யாசர் மெக்கானிக்கின் வண்டியில் தொற்றிக்கொண்டு சிதம்பரம் போனான். மேலவீதியில் ஒரு கடையில் கொளஞ்சிக்குப் புதுப் போன் வாங்கினான். கடைப்பெண் "யாருக்குண்ணா, அப்பாவுக்கா?" என்று கேட்டதற்கு என்ன சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, மாதக்கணக்காகத் தள்ளிப்போட்ட அந்த நாலு வரியை எழுதினான். இனி தொழுகை நேரத்தில் அவர்கள் இருவர் போன் மட்டும் பேசாமல் இருக்கும். சர்வீஸ் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். எழுதி, சோதித்துப் பார்த்து முடித்தபோது ஊற்றிய டீகூட முழுதாக ஆறியிருக்கவில்லை. அதைக் குடிக்கப் பிடிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. போனை மெக்கானிக்கிடம் கொடுத்து அனுப்பிவிட்டால் அந்தக் கரையை மறுபடி மிதிக்க வேண்டாம். பஸ் படியில் ஒரு காலும் வைத்துவிட்டான். கண்டக்டர் "கடலூரா, ஏறு ஏறு" என்றார். காலை எடுத்துக்கொண்டு பரங்கிப்பேட்டை பஸ்ஸைத் தேடிப் போனான்.

சாயங்கால வெயிலில் கொளஞ்சி செத்த இறாலைக் கூடையில் அள்ளிக் குழியில் கொட்டி, மேலே சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தார். பொன்னி கொட்டகை வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். யாசரைக் கண்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

யாசர் போனை நீட்டினான். கொளஞ்சி கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். தப்பா எடுத்துக்காதீங்க. நெசமாவே அடிக்கலியா? எனக்கோசரம் சொல்லலியே?"

"இல்லண்ணே."

"இல்ல, காலைலேருந்து ரோசன பண்ணிப் பண்ணி, நான் எடுத்த மாரியே ஆயிப்போச்சு. ஒண்ண அமுக்குன மாரிகூட ஞாபகம் வருது. அதான் கேக்குறேன்."

யாசர் அவர் கையைப் பிடித்தான். "அல்லா மேல ஆணையாச் சொல்றேண்ணே. ஒங்க போனு அடிக்கல. அடிச்சிருந்தா நீங்க எழுந்திருச்சிருப்பீங்க. தப்பு முழுக்க என்னுது. மன்னிச்சிருங்கண்ணே."

கொளஞ்சி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெதுவாகக் கரையில் குந்தினார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கொட்டகைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அப்படின்னா அவ என் வாய மோந்து பாத்தாளே தம்பி. பாய் முன்னாடி, ஒங்க முன்னாடி, எவனோ மெக்கானிக் முன்னாடி." உதடு கோணியது. "குடிக்கலன்னு எனக்குத் தெரியுமே தம்பி. தெரிஞ்சும் நான் ஊதிக் காட்டுனனே. ரெண்டு தடவ ஊதுனனே."

சேறு காய்ந்த கையால் முகத்தை மூடிக்கொண்டு கொளஞ்சி அழுதார். யாசர் அவர் பக்கத்தில் நின்றான். உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.